மேட்விலனி (இசைத்தொகுப்பு)

மேட்விலனி என்பது ராப் பாடகர் எம்.எஃப். டூம், இசைத் தயாரிப்பாளர் மேட்லிப் ஆகிய இருவரும் மேட்வில்லன் என்ற பெயரில் இணைந்து உருவாக்கிய ஹிப் ஹாப் இசைத்தொகுப்பு ஆகும். லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சேர்ந்த ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனம் இதனை மார்ச் 23, 2004 அன்று வெளியிட்டது. இதில் 22 பகுதிகள் உள்ளன. மொத்த நீளம் ஏறத்தாழ 46 நிமிடங்கள்.

கலைஞர்கள்

டூமின் இயற்பெயர் டேனியல் டுமிலே. 1971 இல் லண்டனில் பிறந்து, நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். தம்பி சப்ராக்குடன் கே.எம்.டி. என்ற குழுவில் பாடி வந்தார். 1993 இல் சப்ராக் கார் மோதி இறந்தார். அடுத்த ஆண்டே எலெக்ட்ரா நிறுவனம் குழுவின் இரண்டாவது தொகுப்பை வெளியிட மறுத்து, ஒப்பந்தத்தையும் முறித்துக்கொண்டது. சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்த டுமிலே, மார்வெல் படக்கதைகளின் வில்லனான டாக்டர் டூமைத் தழுவி, உலோக முகமூடி அணிந்து புதிய பெயரில் திரும்பி வந்தார்.

மேட்லிப் (ஓட்டிஸ் ஜாக்சன், பிறப்பு 1973) கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டைச் சேர்ந்தவர். இந்தித் திரையிசையைக் கொண்டும் பின்னர் (2007) ஒரு தொகுப்பு அமைத்தவர் என்பது நம்மவர்க்கு ஆர்வமூட்டும் செய்தி.

உருவாக்கம்

அட்லாண்டா அருகே வசித்து வந்த டூம், லாஸ் ஏஞ்சலசில் ஸ்டோன்ஸ் த்ரோ இயங்கிய வீட்டிற்கு வந்து தங்கிப் பணியாற்றினார். அவ்வீட்டில் இருந்த பழைய வெடிகுண்டுப் பதுங்கறையே மேட்லிப்பின் ஒலிப்பதிவுக் கூடம். மேட்லிப் கீழே இசை அமைத்துக் குறுந்தட்டில் பதிந்து தருவார். டூம் மேலே அமர்ந்து வரிகளை எழுதுவார். இருவரும் மிகக் குறைவாகவே பேசிக்கொண்டனர்.

பழைய இசைத்தட்டுகளிலிருந்து சிறு துண்டுகளை வெட்டியெடுத்துப் புதிய இசை அமைக்கும் முறை (சாம்பிளிங்) மேட்லிப்பினுடையது. 2002 இல் பிரேசில் சென்றபோது, அங்கு வாங்கிய இசைத்தட்டுகளைக் கொண்டு விடுதி அறையிலேயே பல மெட்டுகளை அமைத்தார். கையில் இருந்தவை ஒரு சிறிய இசைத்தட்டுச் சுழலி, பாஸ் எஸ்.பி.-303 கருவி, ஒரு ஒலிநாடாப் பதிவி ஆகியவை மட்டுமே. ஆடம்பரக் கூடங்களில் பெரும்பொருட்செலவில் ராப் இசை உருவான காலம் அது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவுறாத இப்பதிவு, வெளியீட்டிற்கு ஓராண்டுக்கும் முன்னரே இணையத்தில் கசிந்தது. சலிப்புற்ற இருவரும் பணியை நிறுத்திவிட்டு வேறு தொகுப்புகளில் ஈடுபட்டனர். பின்னர் மீண்டும் தொடங்கியபோது, டூம் தன் பாடல்களைத் தாழ்ந்த குரலில், நிதானமாகப் புதிதாகப் பாடினார். தொகுப்பின் தனித்தன்மையாகக் கருதப்படும் சோம்பலான குரல் இவ்வாறு வந்ததே. கசிவு நேராதிருந்தால் நாம் கேட்பது வேறொரு தொகுப்பாக இருந்திருக்கும்.

பாடல்கள்

பெரும்பாலான பாடல்களுக்குப் பல்லவி கிடையாது. பல இரண்டு நிமிடங்களுக்குள் முடிகின்றன. 'அக்கார்டியன்' பாடலின் இசை, டெய்டெலஸ் என்ற இசைக்கலைஞரின் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. 'ஃபேன்சி கிளவுன்' பாடலில் டூம், விக்டர் வான் என்ற தனது மற்றொரு புனைபெயரில் பாடுகிறார். காதலி தன்னை ஏமாற்றி வேறொருவனுடன் பழகுவதாக விக்டர் புலம்புகிறான். அந்த வேறொருவன் டூம்!

வரவேற்பு

பில்போர்ட் 200 வரிசையில் 179 ஆம் இடத்தை எட்டியது. சிறிய நிறுவனமான ஸ்டோன்ஸ் த்ரோவிற்கு இதுவே பெரிய வெற்றி. விமர்சகர்கள் வெகுவாகப் பாராட்டினர். இரண்டாம் தொகுப்பிற்கான பணிகள் பல ஆண்டுகள் இழுபட்டன. டூம் அக்டோபர் 31, 2020 அன்று இறந்தார். செய்தி இரண்டு மாதங்கள் கழித்து, டிசம்பர் 31 அன்றே குடும்பத்தினரால் அறிவிக்கப்பட்டது.