பேசுவது ஒன்று, சொந்தம் இன்னொன்று

ரஷ்ய மொழி பேசுகிறவர்களைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லிப் படை அனுப்பியது மாஸ்கோ. அந்த மொழியை வீட்டில் பேசிவந்த உக்ரேனியர்களே இன்று அதை விட்டு விலகுகிறார்கள். ஆனால் நாக்கு அத்தனை சீக்கிரம் கேட்பதாக இல்லை.

2001 டிசம்பரில் உக்ரைனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. தாய்மொழி எது என்ற கேள்விக்குத் தலைநகர் கீவில் 72 சதவீதத்தினர் உக்ரேனியம் என்று பதில் சொன்னார்கள். ஆனால் அந்த நகரின் கடைத்தெருவிலும் மெட்ரோ ரயிலிலும் அன்று அதிகம் காதில் விழுந்தது ரஷ்ய மொழிதான். கணக்கெடுக்க வந்தவரிடம் உக்ரேனியம் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தியதும் விட்ட இடத்திலிருந்து ரஷ்ய மொழியில் பேச்சைத் தொடர்ந்தவர்கள் ஏராளம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. தாய்மொழி என்பதற்கு உக்ரேனியச் சொல் 'ரீட்னா மோவா'. சொந்த மொழி, உறவின் மொழி என்று பொருள். அதைத் தினமும் பேசியே தீர வேண்டும் என்பதில்லை. பாட்டியின் மொழியாக, பூர்வீகக் கிராமத்தின் மொழியாக இருந்தால் போதும். பேசும் மொழி ஒன்று, சொந்தமென்று சொல்லும் மொழி இன்னொன்று. இந்த இடைவெளியைக் கவனிக்காமல், மேற்கே உக்ரேனியம், கிழக்கே ரஷ்யம், எனவே நாடும் இரண்டு என்று வரைபடத்தில் கோடு போட்டவர்கள் தப்புக் கணக்குப் போட்டார்கள். அவர்களில் முக்கியமானது கிரெம்ளின்.

ஆளுக்கொரு மொழி, ஒரே உரையாடல்

கோடு முழுப் பொய்யுமல்ல. போலந்து எல்லையை ஒட்டிய லிவிவில் தெருவெங்கும் உக்ரேனியம்தான். கார்கிவ், ஒடேசா, டொனெட்ஸ்க் போன்ற பெருநகரங்களில் ரஷ்ய மொழி கோலோச்சியது. ஆனால் அதே கார்கிவிலிருந்து பஸ் ஏறிக் கிராமத்துக்குப் போனால் மொழி மாறிவிடும். பிரிவினை கிழக்குக்கும் மேற்குக்கும் இடையில் இருந்த அளவுக்கு, நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலும் இருந்தது.

போருக்கு முன் உக்ரைனில் மருத்துவம் படித்த சுமார் 18,000 இந்திய மாணவர்களுக்கு இது அனுபவப் பாடம். தமிழக மாணவர்களும் அவர்களில் கணிசம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் வார்டில் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கவும், சந்தையில் உருளைக்கிழங்கு வாங்கவும் உள்ளூர் மொழி வேண்டும். கார்கிவில் படித்தவர்களுக்கு அது ரஷ்யம். டெர்னோபிலில் படித்தவர்களுக்கு உக்ரேனியம்.

உள்ளூர்க்காரர்களுக்கோ இரண்டும் ஒன்றுதான். ஒருவர் உக்ரேனியத்தில் கேட்பார், மற்றவர் ரஷ்யத்தில் பதில் சொல்வார். இருவருமே தாங்கள் மொழி மாற்றியதை உணர மாட்டார்கள். டி.வி. விவாதங்களில்கூடத் தொகுப்பாளர் ஒரு மொழியிலும் விருந்தினர் மறு மொழியிலும் பேசியது சகஜம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

அதனால் இரண்டும் ஒரே மொழியின் இரு வட்டார வழக்குகள் என்று முடிவு கட்டிவிட முடியாது. எழுத்து இரண்டுக்குமே சிரிலிக், குடும்பமும் ஒன்று. ஆனால் சொல்வளத்தில் உக்ரேனியம் ரஷ்யத்தைவிடப் பெலாரூஸ், போலிஷ் மொழிகளுக்கு நெருக்கம். ஒலி ஒத்துப்போகும் இடங்களிலும் பள்ளம் உண்டு. ரஷ்யத்தில் 'நெதேலியா' என்றால் வாரம். உக்ரேனியத்தில் 'நெதிலியா' என்றால் ஞாயிற்றுக்கிழமை. ரஷ்யத்தில் 'உரோத்' அவலட்சணம் பிடித்தவன். உக்ரேனியத்தில் 'வ்ரோதா' அழகு. உக்ரேனியர்களுக்கு ரஷ்யம் புரிவது பள்ளியும் டி.வி.யும் ராணுவமும் தலைமுறை தலைமுறையாகப் புகட்டியதால். மாஸ்கோவிலிருந்து வரும் ஒருவருக்கு உக்ரேனியம் அப்படித் தானாகப் புரிந்துவிடாது. இருமொழித் திறமையின் சுமை ஒரு பக்கத்தில் மட்டுமே ஏற்றப்பட்டிருந்தது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'சூர்ஷிக்'. கோதுமையோடு மட்டமான தானியம் கலந்து அரைத்த மாவுக்குச் சொல்லும் பெயர் இது. உக்ரேனிய இலக்கணத்தில் ரஷ்யச் சொற்களைக் கொட்டி, கிராமமும் புறநகரும் பேசும் கலப்பு மொழி. பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் வெர்கா செர்துச்கா என்ற பெண் வேடத்தில் இந்த மொழியைப் பேசியே நாட்டைச் சிரிக்க வைத்த நடிகர் ஆந்திரி டானில்கோ, 2007-ல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் உக்ரைனுக்கு இரண்டாம் இடத்தைக் கொண்டுவந்தார்.

தடை போட்ட பேரரசர்

இந்தக் கலப்பு தானாக நேர்ந்ததல்ல. அப்படியொரு தனி மொழியே இருந்ததில்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தோடு 1863-ல் சுற்றறிக்கை விட்டார் ஜார் ஆட்சியின் உள்துறை அமைச்சர் வலூயேவ். 1876-ல் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் அங்கிருந்தே ஒரு ஆணையில் கையெழுத்திட்டார். வெளிநாட்டிலிருந்து உக்ரேனிய நூல்களைக் கொண்டுவரத் தடை. அந்த மொழியில் மேடை நாடகத்துக்கும் தடை. உள்நாட்டில் அச்சிடுவதற்கும் கடும் கட்டுப்பாடு.

பொல்தாவா மண்ணில் பிறந்த கோகோல் ரஷ்ய மொழியில் எழுதி ரஷ்ய இலக்கியத்தின் தூணானார். உக்ரைனின் தேசியக் கவி தராஸ் ஷெவ்சென்கோ கவிதைகளை உக்ரேனியத்தில் எழுதினார். ஆனால் நாட்குறிப்பை எழுதியது ரஷ்யத்தில். ஒரே ஆளுக்குள் இரு மொழிகள் என்பது அன்றே இருந்த கதை.

சோவியத் ஆட்சி 1920-களில் உக்ரேனியத்தைத் தூக்கிப் பிடித்தது. 1930-களில் அதே கையால் அமுக்கியது. எழுத்தாளர்களில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1933-ல் நெடுங்கணக்கும் தப்பவில்லை. ரஷ்யத்தில் இல்லாத ஒரு ககர எழுத்து நீக்கப்பட்டது. அது திரும்ப வந்தது 1990-ல்தான். குருஷ்சேவ் காலத்தில், 1950-களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம், பிள்ளை எந்த மொழிப் பள்ளியில் படிக்கலாம் என்பதைப் பெற்றோரிடமே விட்டது. கேட்க ஜனநாயகமாக இருந்தது. ஆனால் பொறியாளராக வேண்டும், கட்சியில் உயர வேண்டும் என்றால் ரஷ்யம் வேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரியும். வேலை தேடி நகரத்துக்கு வந்தவர்கள் உக்ரேனியத்தை ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பேசினால் பட்டிக்காட்டான் என்ற கேலி. பாட்டி பேசியதைப் பேரன் புரிந்துகொண்டான், பேசவில்லை.

சட்டமும் சந்தையும்

1989-ல் உக்ரேனியம் அரசு மொழியானது. 1996-ல் அரசியல் சட்டம் அதை உறுதி செய்து, ரஷ்யம் உள்ளிட்ட பிற மொழிகளுக்கும் பாதுகாப்பு அளித்தது. ஆனால் சந்தை ரஷ்யத்தின் பக்கம். புத்தகம், டி.வி. தொடர், பாப் பாட்டு எல்லாம் மாஸ்கோவிலிருந்து மலிவாக வந்து குவிந்தன. தேர்தல் வந்தால் மட்டும் அரசியல்வாதிகளுக்கு மொழி நினைவு வரும். 2012-ல் கொண்டுவந்த ஒரு சட்டம், 10 சதவீதத்தினர் பேசும் மொழிக்கு வட்டார அந்தஸ்து கொடுத்தது. 2014 பிப்ரவரியில், அதிபர் யானுகோவிச் தப்பியோடிய கையோடு, நாடாளுமன்றம் அதை ரத்து செய்ய வாக்களித்தது. தற்காலிக அதிபர் கையெழுத்திடவில்லை. சட்டமும் 2018 வரை நீடித்தது. ஆனால் ரஷ்ய மொழிக்கே தடை என்ற பிரசாரத்துக்கு அந்த வாக்கெடுப்பே போதுமானதாக இருந்தது.

2019-ல் வந்த சட்டம் கறாரானது. 2021 ஜனவரி 16 முதல் கடை ஊழியர், வெயிட்டர், வங்கி குமாஸ்தா எல்லோரும் முதலில் உக்ரேனியத்தில்தான் பேச வேண்டும். வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டால் வேறு மொழிக்கு மாறலாம். வீட்டுப் பேச்சிலும் வழிபாட்டிலும் சட்டம் தலையிடாது. ஐரோப்பிய மொழிகளுக்குக் காட்டிய சலுகையை ரஷ்யத்துக்குக் காட்டவில்லை என்று ஐரோப்பாவின் வெனிஸ் கமிஷன் அதே ஆண்டு குறை கூறியது. அந்தச் சட்டம் நிறைவேறுவதற்குச் சில நாட்கள் முன்பு அதிபர் தேர்தலில் வென்றவர் வொலொதிமிர் ஜெலென்ஸ்கி. கிரிவி ரீக் என்ற தொழில் நகரில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவர். அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன டி.வி. தொடரிலும் பெரும்பாலும் ரஷ்யம்தான்.

குண்டு விழுந்தது யார் மேல்?

ரஷ்யரும் உக்ரேனியரும் ஒரே மக்கள் என்று வாதிட்டு 2021 ஜூலையில் புடின் நீண்ட கட்டுரை எழுதினார். கிரெம்ளின் அதை உக்ரேனிய மொழியிலும் வெளியிட்டது. 2022 பிப்ரவரி 24 அன்று படைகள் எல்லை தாண்டின. தரைமட்டமான மரியுபோல் ரஷ்ய மொழி பேசிய நகரம். விடாமல் குண்டு வாங்கிய கார்கிவும் அப்படியே. மரியுபோலைப் பிடித்ததும் நுழைவாயில் பெயர்ப்பலகையில் ஒரு எழுத்தை மாற்றி, உக்ரேனிய 'இ'யை எடுத்துவிட்டு ரஷ்ய 'இ'யை வைத்தார்கள். ஆக்கிரமிப்புப் பகுதிகளில் எதிர்ப்பாளர்கள் பதிலுக்குச் சுவரில் எழுதியது, ரஷ்யத்தில் இல்லாத 'யி' என்ற உக்ரேனிய எழுத்தை.

கணக்கும் மாறியது. 'ரேட்டிங்' என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2012-ல் கேட்டபோது உக்ரேனியம் தாய்மொழி என்றவர்கள் 57 சதவீதம், ரஷ்யம் என்றவர்கள் 42. போர் தொடங்கிய அடுத்த மாதம் கேட்டபோது 76-ம் 20-ம். ஆனால் அதே கணிப்பில், அன்றாடம் உக்ரேனியம் மட்டுமே பேசுவதாகச் சொன்னவர்கள் 48 சதவீதம்தான். மூவரில் ஒருவர் இரண்டையும் பேசினார். மனம் முதலில் மாறியது. நாக்கு பின்னால் வருகிறது.

அந்த இடைவெளியில்தான் வலி. டொனெட்ஸ்க் நாவலாசிரியர் வொலொதிமிர் ரஃபெயென்கோ ரஷ்யத்தில் எழுதிப் பெயர் பெற்றவர். 2014-ல் ஊரை விட்டு வெளியேறி, உக்ரேனியம் கற்று, 2019-ல் அந்த மொழியில் ஒரு நாவல் வெளியிட்டார். 2022-க்குப் பின் ரஷ்யத்தில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். கீவில் வாழும் ஆந்திரேய் குர்கோவ் வேறு விதம். போரைப் பற்றி உலகெங்கும் உக்ரைனுக்காகப் பேசுகிறார், ஆனால் ரஷ்யம் தன் தாய்மொழி என்பதை மறைக்கவில்லை. நாவல்களை அதில்தான் எழுதிவந்திருக்கிறார்.

போர்முனையிலும் இதே சிக்கல். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கும் வீரர்களில் ரஷ்யம் பேசுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களை உக்ரேனியர்கள் என்று அழைக்க முடியாது என்ற பொருள்பட 2023 நவம்பரில் பேசினார் மொழியியலாளரும் முன்னாள் எம்.பி.யுமான இரினா ஃபாரியோன். நாடு கொதித்தது. அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் அவரை நீக்கியது, பிறகு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. 2024 ஜூலையில் லிவிவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மொழியை வைத்து விசுவாசத்தை அளக்கலாமா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியைச் சமையலறையில் எதிர்கொள்கிறார்கள். நாற்பது வயதில் ஒருவர் மொழி மாறுவது என்றால், பேரம் பேசவும் ஜோக் அடிக்கவும் சண்டை போடவும் புதிதாகக் கற்பது என்று பொருள். இலவசப் பேச்சு வகுப்புகளுக்குப் போகிறார்கள். கடையில் உக்ரேனியம், ஆபீசில் உக்ரேனியம், கோபம் வந்தால் ரஷ்யம். பிள்ளைகளிடம் மட்டும் தட்டுத் தடுமாறியாவது உக்ரேனியத்திலேயே பேசுகிறார்கள். அந்தப் பிள்ளை பாட்டியிடம் போனால், அவர் எழுபது ஆண்டுகளாகப் பேசிய ரஷ்யத்தில்தான் கொஞ்சுவார். பிள்ளைக்குப் புரியும். எந்த மொழியில் பதில் சொல்லும் என்பதுதான் இனி தெரிய வேண்டியது.