ஸ்கூபா காற்று உருளைப் பராமரிப்பு

ஸ்கூபா காற்று உருளை என்பது நீருக்கடியில் மூழ்குபவர் தம் முதுகில் சுமந்து செல்லும், உயர் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்ட உலோகக் கலன் ஆகும். பேச்சு வழக்கில் இது டேங்க் அல்லது சிலிண்டர் எனப்படுகின்றது. செய்தித்தாள்கள் இதனை "ஆக்சிசன் சிலிண்டர்" என்று எழுதுவதுண்டு. இது பொருத்தமற்ற பெயர். வழமையாக இதனுள் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான். தூய ஆக்சிசனைச் சுமார் 6 மீட்டருக்கும் கீழான ஆழத்தில் சுவாசித்தால் அது நச்சாகி வலிப்பை உண்டாக்கக்கூடும்.

உருளையின் பராமரிப்பு என்பது பெரும்பாலும் கசிவைத் தடுத்தலே ஆகும். காற்று வெளியே கசிவது ஒரு வகை. நீர் உள்ளே கசிவது மற்றொரு வகை. முன்னது ஒலியெழுப்பித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னது மாதக்கணக்கில் மறைந்திருக்கும் என்பதால் அதுவே கூடுதல் ஆபத்தானது.

மன்னார் வளைகுடாவில் ஸ்கூபா

தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகள் "பார்" என அழைக்கப்படுகின்றன. இவற்றுள் பல 10 முதல் 20 மீட்டர் வரையான ஆழத்தில் உள்ளன. நூற்றாண்டுகளாக இங்கு முத்துக் குளித்தவர்கள் எந்தக் கருவியுமின்றி, கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அடக்கிய மூச்சு தீருமுன் மேலேறினர். இக்கரையில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961 ஆம் ஆண்டில் ஆகும்.

கூஸ்தோவும் காஞ்ஞானும் 1943 இல் பிரான்சில் உருவாக்கிய தானியங்கிச் சீராக்கியே இன்றைய ஸ்கூபாவின் தொடக்கம். 1960களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தூத்துக்குடியை அடுத்த கடலடியை மூழ்கி ஆராய்ந்தனர். இதே நிறுவனம் 1973 இல் இங்கு வளர்ப்பு முத்தையும் உருவாக்கியது. 1986 இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கவும் மறுநடவு செய்யவும் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அமைப்புகளின் ஆய்வாளர்கள் ஸ்கூபா முறையில் மூழ்குகின்றனர். சங்கு குளிப்போரில் சிலர் படகிலுள்ள காற்றழுத்தியிலிருந்து நீண்ட குழாய் வழியாகச் சுவாசிப்பதுண்டு. அது ஸ்கூபா அன்று. அங்கே காற்றின் இருப்பு மூழ்குபவரிடம் இல்லை.

காற்றின் கணக்கு

பரவலாகப் பயன்படும் அலுமினிய உருளை ஒன்றின் கொள்ளளவு 11.1 லிட்டர், அதன் வேலை அழுத்தம் 207 பார் (இந்தப் பார் அழுத்த அலகு, முத்துப் பாருடன் தொடர்பில்லை). கடல்மட்ட அழுத்தத்தில் அளந்தால் அதனுள் அடங்கும் காற்று ஏறத்தாழ 2,200 லிட்டர் ஆகும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவருக்கு, 15 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 2.5 மடங்காவதால், 50 லிட்டர் தேவைப்படும். 200 பார் நிரப்பி, 50 பாரை அவசர இருப்பாக ஒதுக்கினால் 1,665 லிட்டர் கிடைக்கும். இது சுமார் 33 நிமிடங்களுக்குப் போதுமானது.

நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஓரிடத்தில் கசிந்தால் அந்நேரம் 28 நிமிடங்களுக்கும் குறைவாகிவிடும். ஐந்து நிமிட இழப்பு மட்டும் உயிரைப் பறிப்பதன்று. ஆனால் கசியும் வளையம் அதே நிலையில் நீடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. அது பிதுங்கி வெளியேறினால் உருளை சில நிமிடங்களில் காலியாகக்கூடும். ஆகவே கரையில் கண்ட சிறு குமிழியுடன் கடலில் இறங்குவது தவறு.

கசியும் இடங்கள்

உருளையின் உலோகச் சுவர் கசிவது மிக அரிது. கசிவது இணைப்புகளே. உருளைக் கழுத்தும் வால்வும் சேருமிடம், வால்வின் திருகுத் தண்டு, வால்வும் சீராக்கியும் (ரெகுலேட்டர்) பொருந்துமிடம், குழாய்களின் முனைகள் ஆகியவை முதன்மையானவை. இவை ஒவ்வொன்றிலும் ஓ-வளையம் எனப்படும் இரப்பர் வளையம் உள்ளது. இவ்வளையத்தை இறுக்கமாக முடுக்குவதால் மட்டும் அடைப்பு உண்டாவதில்லை. காற்றழுத்தமே அதனைப் பள்ளத்தின் ஒரு பக்கமாகத் தள்ளி இடைவெளியை மூடச்செய்கின்றது. இதனால்தான் கசியும் இணைப்பை மேலும் மேலும் முடுக்குவதால் பயன் விளைவதில்லை. வளையத்தில் கீறலோ, தட்டையாதலோ, பள்ளத்தில் மணலோ இருந்தால் வளையத்தை மாற்றுவதும் பள்ளத்தைத் துடைப்பதுமே தீர்வு.

தூத்துக்குடியில் இதற்கு முதற்காரணம் உப்பு. உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் வெயிலும் காற்றும், வால்வின் இடுக்கில் தங்கிய கடல்நீரையும் விரைவில் உப்பாக்கிவிடும். காய்ந்த உப்புப் படிகம் இரப்பரை அரம்போலத் தேய்க்கும். எனவே கரையேறியவுடன், ஈரம் காயுமுன், நன்னீரில் கழுவ வேண்டும். இங்கு நன்னீர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. கடலோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பானது. அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். குழாயில் வரும் தாமிரபரணி நீரோ மழைநீரோ ஏற்றது. சீராக்கியைக் கழுவுமுன் அதன் காற்று நுழைவாயில் தூசு மூடியால் அடைக்கப்பட்டிருத்தல் வேண்டும். உருளையின் அடியிலுள்ள நெகிழி உறையைக் கழற்றி உட்புறத்தையும் கழுவுதல் நன்று. உலோக அரிப்பு பெரும்பாலும் அங்கேயே தொடங்குகின்றது.

கசிவை அறிய, வால்வை மெதுவாகத் திறந்து இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவலாம், அல்லது முழுவதையும் நீர்த்தொட்டியில் அமிழ்த்தலாம். கண்டறிந்தபின் முதலில் வால்வை மூடி, சீராக்கியிலுள்ள காற்றை வெளியேற்றி, அதன் பிறகே இணைப்பைக் கழற்ற வேண்டும். கழுத்திலோ தண்டிலோ கசிவு இருப்பின் உருளையை முழுவதும் காலியாக்கிப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். அழுத்தம் உள்ளபோது கழுத்து வால்வைத் திருகுதல் உயிருக்கே ஆபத்தானது.

உள்நோக்கிய கசிவு

கடலடியில் உருளை முற்றிலும் காலியானால், வெளியழுத்தம் மிகுந்து சீராக்கி வழியாகவோ வால்வு வழியாகவோ கடல்நீர் உள்ளே புக வாய்ப்புண்டு. இதனைத் தவிர்க்க எப்போதும் சிறிதளவு காற்றை மிச்சம் வைத்து மேலேற வேண்டும். கரையிலும் 10 முதல் 20 பார் வரை காற்றுடன், வால்வை மூடி, நிமிர்த்தி வைப்பது வழக்கம்.

நீர் புகுவதற்கு மற்றொரு வழி நிரப்பும் இடமே. காற்றழுத்தியின் ஈரம் நீக்கும் வடிகட்டி காலாவதியானால் ஒவ்வொரு முறையும் சிறிது ஈரம் உள்ளே செல்லும். நிரப்பும் முனையில் கடல்நீர்த் துளி இருந்தால் அதுவும் 200 பார் அழுத்தத்துடன் உள்ளே தள்ளப்படும். எஃகு உருளையில் இவ்வீரம் துருவை உண்டாக்கும். துருப்பிடித்தல் ஆக்சிசனை உட்கொள்ளும் வேதிவினை. எனவே நெடுநாள் மூடிக்கிடந்த ஈர எஃகு உருளையில் அழுத்தம் போதுமானதாகக் காட்டினாலும் ஆக்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கலாம். சுவாசிப்பவருக்கு மூச்சுத்திணறல் தோன்றாமலேயே நினைவு தப்பிவிடும். பழைய காற்றை வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவதற்கான காரணம் இதுவே. அலுமினியம் இவ்வாறு துருப்பிடிப்பதில்லை. எனினும் பித்தளை வால்வும் அலுமினியக் கழுத்தும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் மின்வேதி அரிப்பு உண்டாகி மரைகள் கெடும்.

படகில் வைத்து நிரப்பும்போது காற்றழுத்தியின் உறிஞ்சுகுழாய், இயந்திரப் புகை படாதவாறு காற்று வீசிவரும் திசையில் இருத்தல் வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. சாதாரணக் கரி வடிகட்டி அதனை நீக்குவதுமில்லை.

வெப்பம்

28 பாகை செல்சியசில் 200 பார் நிரப்பிய உருளை வெயிலில் 60 பாகை வரை சூடேறினால் உள்ளழுத்தம் சுமார் 221 பாராக உயரும். அமெரிக்க வகை வால்வுகளிலுள்ள பாதுகாப்புத் தகடு, அழுத்தம் வரம்பு மீறும்போது கிழிந்து காற்றை வெளியேற்றும். அது கிழிந்தால் இரண்டு தகடுகளை அடுக்கிவைத்து "சரிசெய்வது" பாதுகாப்பையே அடைத்துவிடும் செயல். அலுமினிய உருளைக்குச் சூளையில் சுடும் வண்ணப்பூச்சு கூடாது. சுமார் 175 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் அதன் வலிமையைக் குறைத்துவிடும்.

சோதனைகள்

ஆண்டுக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி, விளக்கொளியில் உட்சுவரையும் கழுத்து மரைகளையும் பார்வையிடுவது மூழ்குநரிடையே நிலவும் நடைமுறை. 6351 என்னும் கலப்புலோகத்தில் செய்த பழைய அலுமினிய உருளைகளின் கழுத்தில் மெல்ல வளரும் விரிசல்கள் காணப்பட்டதால், பின்னர் 6061 கலப்புலோகம் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய உருளையை வாங்குவோர் கழுத்தருகே பொறித்துள்ள தயாரிப்பு ஆண்டைப் பார்த்தல் நலம்.

நீரழுத்தச் சோதனையில் உருளையை நீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தை விட மிகுதியாக அழுத்துவர். அமெரிக்க முறையில் 207 பார் அலுமினிய உருளைக்கு இது 345 பார்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யப்படும். நீர் எளிதில் சுருங்காததால் அதில் சேமிக்கப்படும் ஆற்றல் குறைவு; உருளை பிளந்தாலும் வெடித்துச் சிதறாது. அழுத்தம் நீங்கியபின் உருளை பழைய அளவுக்குத் திரும்புகின்றதா என்று அளப்பர். எஞ்சும் விரிவு மொத்த விரிவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் உருளை கழிக்கப்படும். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகள் இத்துறையை ஆள்கின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஏற்பு பெற்ற நிலையங்களிலேயே காலமுறைச் சோதனை செய்யப்பட வேண்டும். சோதனை நடந்த மாதமும் ஆண்டும் உருளையின் மேல் பொறிக்கப்படும்.