சுரண்டி எழுதிய சிப்

அமெரிக்கக் கடற்படைக்காக போயிங் தயாரித்துக்கொண்டிருந்த பி-8ஏ பொசைடன் விமானம் ஒன்றில், பனி உறைவதைக் கண்டு எச்சரிக்கும் கருவி பழுதானது. கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே இருக்க வேண்டிய ஒரு சிப் தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்து, டப்பாவுக்குள் போட்ட கூழாங்கல் போலக் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது.

நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் இந்த விமானம், போயிங் 737 பயணிகள் விமானத்திலிருந்து உருவானது. இதன் இந்திய வடிவமான பி-8ஐ 2013 முதல் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பறக்கிறது. சிக்கல் வந்தது அமெரிக்க விமானத்தில்தான் என்றாலும், அரக்கோணத்துக்காரர்கள் அண்ணாந்து பார்த்துப் பழகிய உருவம்தான் இது. கழன்ற அந்த சிப்பைச் செய்தது சைலிங்ஸ் என்ற நல்ல நிறுவனம். ஆனால் அது புதியது அல்ல. ஏதோ ஒரு பழைய போர்டிலிருந்து பிடுங்கி, துடைத்து, புதியதாக விற்கப்பட்டது. கருவியைச் செய்துகொடுத்த பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் 2010 ஜனவரியில், இந்த சிப்புகள் பயன்பாட்டுக்கு ஏற்றவை அல்ல, மாற்றிவிடுங்கள் என்று போயிங்குக்கு எழுதியது. கடற்படைக்கு விஷயம் போனது 2011 ஆகஸ்டில்.

இந்தக் கதை வெளியே வந்ததற்குக் காரணம், அமெரிக்க செனட்டின் ஆயுதப்படைக் குழு நடத்திய விசாரணை. வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த செனட்டர்கள் கார்ல் லெவினும் ஜான் மெக்கெயினும் சேர்ந்து அதை 2011இல் தொடங்கினார்கள். 2009, 2010 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பாதுகாப்புத் துறையின் கொள்முதலில் போலி என்று சந்தேகிக்கப்பட்ட சுமார் 1,800 நிகழ்வுகள் அகப்பட்டன. அவற்றில் இருந்த பாகங்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை ஆதிவரை தோண்டியபோது, 70 சதவீதத்துக்கு மேல் சீனாவில் போய் முடிந்தன.

போலி என்றதும் யாரோ ஒரு கொட்டகையில் சிப் தயாரிக்கிறார்கள் என்று தோன்றும். அப்படி அல்ல. ஒரு சிப் ஆலை கட்டப் பல நூறு கோடி டாலர் வேண்டும். போலி வியாபாரிக்கு அதற்கு அவசியமே இல்லை. பெரும்பாலான போலிகள் பழையவைதான். உலகம் தூக்கியெறிந்த கணினிகளும் தொலைபேசிகளும் கப்பல் கப்பலாகப் போய் இறங்கிய ஊர், குவாங்டோங் மாகாணத்தின் குயியு. அங்கே பல ஆண்டுகள் நடந்த வேலை இது: போர்டை நிலக்கரி அடுப்பின்மேல் காட்டுவார்கள். ஈயம் உருகியதும் ஒரு தட்டு தட்டினால் சிப்புகள் உதிர்ந்துவிடும். அவற்றை ஆற்றில் அலசி, நடைபாதையில் வற்றல் காயவைப்பதுபோலப் பரப்பி உலர்த்தி, காலின் எண்ணிக்கையும் உடலின் அளவும் பார்த்துப் பிரித்து மூட்டை கட்டுவார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தது கூலிக்கு வந்த ஏழைகள். போலி சிப்பைப் பற்றிப் பேசும்போது ஏமாந்த நிறுவனங்களையே எல்லோரும் பேசுகிறோம். முதலில் பாதிக்கப்பட்டவர்கள் இவர்கள்.

மூட்டை அடுத்த கைக்குப் போனதும் முகம் மாற்றும் வேலை தொடங்கும். சிப்பின் கறுத்த மேல்பகுதியில் தயாரித்த நிறுவனத்தின் சின்னம், பாக எண், தயாரித்த ஆண்டும் வாரமும் சொல்லும் நான்கு இலக்கம் ஆகியவை இருக்கும். 1035 என்றால் 2010ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். இதையெல்லாம் தேய்த்து அழித்துவிட்டு, தேய்த்த தடம் தெரியாமல் கறுப்புப் பூச்சு பூசுவார்கள். பிறகு லேசரால் புதிய எழுத்து. சாதாரண சிப் ராணுவத் தரத்து சிப் ஆகிவிடும். 0 முதல் 70 டிகிரி வரை தாங்குவது மைனஸ் 55 முதல் 125 வரை தாங்குவதாக மாறிவிடும். மாறியது எழுத்து மட்டும்.

இப்படிப்பட்ட சிப் வேலை செய்யாது என்று நினைத்தால், அதுதான் தவறு. வேலை செய்யும். போர்டில் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் சோதனையில் தேறிவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அடுப்புச் சூட்டில் வதங்கியது, ஆற்று நீர் குடித்தது, வெறுங்கையால் அள்ளப்பட்டது அந்த சிப். நம் விரல்நுனியில் நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் நமக்குச் சுருக்கென்று உறைக்கும். அதைவிட மிகக் குறைந்த வோல்ட்டிலேயே சில சிப்புகளின் உள்ளிருக்கும் மெல்லிய படலம் காயப்பட்டுவிடும். காயம்பட்டது உடனே சாகாது. ஆறு மாதமோ இரண்டு வருடமோ ஓடும். பிளாஸ்டிக் உடலுக்குள் புகுந்த ஈரமும் சும்மா இருப்பதில்லை. மறுபடி ஈயம் வைக்கும்போது 240 டிகிரிக்கு மேல் ஏறும் சூட்டில் ஆவியாகி உடலைப் பிளந்துவிடும். சோளம் பொரிவதுபோல வெடிப்பதால் தொழிலில் இதற்குப் பெயரே ‘பாப்கார்ன்’.

சி-130ஜே சரக்கு விமானத்தில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஞ்சின் நிலை, எரிபொருள், விமானம் இருக்கும் இடம், எச்சரிக்கைச் செய்தி எல்லாவற்றையும் விமானிக்குக் காட்டும் திரைகள் அதில் உண்டு. அவற்றைத் தயாரித்த எல்-3 நிறுவனம், ஒரு குறிப்பிட்ட நினைவக சிப் பழுதாகும் விகிதம் 8.5 சதவீதத்திலிருந்து 27 சதவீதமாக ஏறியதைக் கவனித்த பிறகுதான் சந்தேகப்பட்டது. சாம்சங் பெயர் பொறித்த சிப்புகள் அவை. 1990களில் செய்யப்பட்டு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டவை என்று பின்னர் தெரிந்தது. ஷென்ஜென் நகரத்து வியாபாரி ஒருவர் கலிஃபோர்னியத் தரகருக்கு விற்றது, அங்கிருந்து எல்-3க்கு, அங்கிருந்து விமானம் கட்டும் லாக்ஹீட் மார்ட்டினுக்கு.

உலகிலேயே அதிகம் செலவழிக்கும் ராணுவத்துக்குப் பொருள் கொடுப்பவர்கள் ஏன் தரகரிடம் போகிறார்கள்?

காரணம் வயது. ஒரு போர் விமானம் முப்பது, நாற்பது ஆண்டுகள் பறக்கும். பி-52 குண்டுவீச்சு விமானத்தில் கடைசியாகச் செய்தது 1962இல், இன்றும் பறக்கிறது. சிப் அப்படி அல்ல. புதியது வந்ததும் சில ஆண்டுகளில் பழையதன் உற்பத்தியை நிறுத்திவிடுவார்கள். ‘கடைசி முறை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று நிறுவனம் அறிவிக்கும்போது வாங்கிக் குவித்துக்கொள்ளாதவர்கள், பின்னர் யாரிடம் கிடைக்கும் என்று தேட வேண்டியதுதான். அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்கள் கையை விரித்துவிடுவார்கள். ‘என்னிடம் 300 இருக்கிறது’ என்று இணையத்தில் ஒருவர் சொல்வார். 2021இல் உலகம் முழுவதும் சிப் தட்டுப்பாடு வந்தபோது இதே நிலை கார் தொழிற்சாலைகளுக்கும் வீட்டுச் சாதனம் செய்பவர்களுக்கும் வந்தது. ஓராண்டுக்கு மேல் காத்திருக்கச் சொன்னார்கள் விநியோகஸ்தர்கள். அடுத்த வாரமே தருகிறேன் என்றார்கள் தரகர்கள்.

தரகர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் என்று சொல்வது நியாயம் ஆகாது. ஒரு தொழிற்சாலையில் மிஞ்சிய நல்ல சிப்பை இன்னொரு தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேர்மையான தரகர்களும் உண்டு. நிறுத்தப்பட்ட சிப்புகளுக்கு நேர்வழியும் உண்டு. மாசச்சூசெட்ஸில் இயங்கும் ராச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ், தயாரித்த நிறுவனங்களிடமே உரிமம் வாங்கி, மிச்சமிருக்கும் சிலிக்கான் தட்டுகளைச் சேமித்துவைத்து, பழைய சிப்புகளை முறையாகச் செய்து தருகிறது. என்ன, விலை கூடும்.

இணையச் சந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்ட, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஒரு காரியம் செய்தது. இல்லாத ஒரு கம்பெனியை உருவாக்கி, அதன் பெயரில் இணையத்தில் 16 ராணுவத் தரத்துப் பாகங்களை வாங்கியது. ஏழு, கிடைப்பதற்கு அரிதான பழைய சிப்புகள். ஐந்து, உற்பத்தி நின்றுபோன பிறகு வந்த ஆண்டைத் தேதியாகக் கேட்டு வாங்கியவை. அதாவது, அந்தத் தேதியில் அப்படியொரு சிப் இருந்திருக்கவே முடியாது. மீதி நான்குதான் உச்சம்: எந்த நிறுவனமும் எந்தக் காலத்திலும் செய்யாத, அதிகாரிகளே கற்பனையாக எழுதிய பாக எண்கள். 16ம் வந்து சேர்ந்தன. இல்லாத பொருளுக்கும் பெட்டி வந்தது, அதன்மேல் கேட்ட எண்ணே பொறித்திருந்தது. உண்மையான எண் கொண்ட 12ஐயும் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், ஒன்றுகூடத் தேறவில்லை. விற்றவர்கள் எல்லோரும் சீனாவைச் சேர்ந்தவர்கள். 2012 பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்தது.

இந்த ஆய்வகங்கள் செய்யும் வேலை, போலி ஆவணத்தைப் பிடிக்கும் நிபுணரின் வேலையை ஒத்தது. முதலில் கண்ணும் நுண்ணோக்கியும். மேல்பக்கத்தின் சொரசொரப்பும் அடிப்பக்கத்தின் சொரசொரப்பும் ஒன்றாக இருக்கிறதா? முதல் காலைக் குறிக்கும் சிறு குழி நல்ல சிப்பில் வழவழவென்று சீராக இருக்கும். போலியில் அதற்குள் பூச்சு வழிந்து பாதி நிரம்பியிருக்கும். பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தால் மட்டமான பூச்சு கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அசிட்டோனுக்கு அசையாத பூச்சு கண்டுபிடித்துவிட்டார்கள் என்றதும், ஆய்வகங்கள் அதைவிடக் கடுமையான கரைப்பான்களுக்குப் போயின. இந்தப் போட்டி ஓயவில்லை.

அடுத்தது எக்ஸ்-ரே. ஒரே தேதி பொறித்த பத்து சிப்புகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்தால், உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டும் தலைமுடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பிகளும் பத்திலும் அச்சடித்தாற்போல ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் துண்டு பெரியது, இன்னொன்றில் சிறியது என்றால் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே சீருடை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். எக்ஸ்-ரேயிலேயே இன்னொரு முறையும் உண்டு. கால்களில் ஈயம் கலந்திருக்கிறதா என்று தனிமத்தை அளந்து பார்ப்பார்கள். ஐரோப்பிய விதி 2006இல் வந்த பிறகு ஈயமில்லாதது என்று விற்கப்படும் சிப்பின் காலில் ஈயம் இருந்தால் கதை முடிந்தது. இதிலும் தீராவிட்டால் அமிலம். புகையும் நைட்ரிக் அமிலத்தைச் சொட்டச் சொட்ட, கறுப்பு உடல் கரைந்து சிலிக்கான் வெளியே தெரியும். வெளியே யார் பெயரை எழுதினாலும், உள்ளே சிலிக்கானில் தயாரித்தவரின் சின்னமும் ஆண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் செதுக்கப்பட்டிருக்கும். அதை யாராலும் தேய்க்க முடியாது. அந்த சிப்பும் அதோடு செத்தது. எனவே ஒவ்வொரு தொகுப்பிலும் ஒன்றிரண்டைத்தான் இப்படிப் பலிகொடுக்க முடியும்.

பழையதைப் புதுப்பிப்பது ஒரு வகை. உள்ளே வேறொன்றை வைத்து நகலெடுப்பது இன்னொரு வகை. கணினியின் யு.எஸ்.பி. துளையை மற்றக் கருவிகளோடு பேசவைக்கும் எஃப்.டி.232 என்ற சிப், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் படைப்பு. இதன் போலி ஒன்றை 2014இல் அமிலத்தில் கரைத்துப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். உள்ளே இருந்தது பொதுப் பயன்பாட்டு மைக்ரோகண்ட்ரோலர். அசலைப்போல நடிக்க அதற்கு நிரல் எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் எஃப்.டி.டி.ஐ. பதிலடி கொடுத்தது. விண்டோஸ் புதுப்பிப்பு வழியே வந்த அதன் புதிய இயக்கி மென்பொருள், போலியைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிடும். பிறகு கணினிக்கு அந்தக் கருவியை அடையாளம் தெரியாது. போலியைச் செய்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தப் போலி சிப் இருந்த ஆர்டினோ போர்டை வாங்கிய மாணவர்களின் கருவிதான் செத்தது. எதிர்ப்பு கிளம்பி, அந்த மென்பொருள் திரும்பப் பெறப்பட்டது. உரிமையைக் காக்க நிறுவனத்துக்கு எல்லா நியாயமும் உண்டு. என்ன வாங்கினோம் என்றே அறியாதவரைத் தண்டித்த அந்த வழி மட்டும் நியாயம் அல்ல.

செனட் விசாரணையின் விளைவாக 2011 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், ராணுவ ஒப்பந்தக்காரர்கள் தயாரித்தவரிடமோ அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடமோதான் முடிந்தவரை வாங்க வேண்டும் என்றது. போலி புகுந்தால் மாற்றும் செலவும் அவர்கள் தலையில்தான். அதற்கு முன், தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கணினியில் போலி நினைவகம் புகுந்தபோது, சரிசெய்ய ஆன சுமார் 27 லட்சம் டாலரை அரசே கொடுத்திருந்தது. 1.2 கோடி டாலர் ஏவுகணையை 2 டாலர் போலி கெடுப்பதை அனுமதிக்க முடியாது என்று அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு முகமையின் தலைவர் செனட்டில் சாட்சி சொன்னார்.

இது ராணுவத்தின் சிக்கல் மட்டும் அல்ல. சென்னை ரிச்சி தெருவுக்கு மின்னணுப் பாகம் வாங்கப் போகிறவருக்கு ‘ஒரிஜினலா, டூப்ளிகேட்டா’ என்ற கேள்வி புதிதல்ல. மேடைக் கச்சேரி ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவர்கள் ‘5200, 1943’ என்று ஜோடியாகச் சொல்லும் டிரான்சிஸ்டர்கள், உலகெங்கும் அதிகம் போலி செய்யப்படுபவை. அசல் 2எஸ்சி5200, 230 வோல்ட்டும் 15 ஆம்பியரும் தாங்கும் என்கிறது தோஷிபாவின் தரவுத்தாள். போலியும் மெல்லிய ஒலியில் நன்றாகவே பாடும். ஒலியைக் கூட்டியதும் புகைந்துவிடும். எரிந்ததை வைஸில் பிடித்து உடைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். அகலமான செப்புத் தகட்டின் நடுவே, அசலில் பாதிகூட இல்லாத ஒரு சிலிக்கான் பொட்டு.