கைப்பேசியில் வரும் சரக்கும் நம் நாணயமும்



கையில் முதல் இல்லாமல் கடை வைத்து முன்னுக்கு வந்தவர்கள் நம்மிடையே உண்டு. நாணயம் இல்லாமல் நிலைத்தவர்கள் இல்லை. எடையில், தரத்தில், தவணையில் எப்படி நடக்க வேண்டும் என்பதை நம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் காலத்தில் இல்லாத ஒரு சரக்கு இன்று கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கைப்பேசி வழியாக வரும் தகவல்தான் அது. விலை நிலவரம், படம், செய்தி, வாடிக்கையாளர் எண், வைத்தியக் குறிப்பு என்று எல்லாம் அதில் வருகின்றன. நம்மிடமிருந்து வெளியே போகவும் செய்கின்றன.

இந்தச் சரக்குக்கு எடை கிடையாது, ஏற்றுக்கூலி கிடையாது, லாரி வாடகை கிடையாது. ஆகவே இதற்கு உடைமைக்காரரும் கிடையாது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று. இதை எடுப்பதற்கும், வைத்துக்கொள்வதற்கும், பிறருக்கு அனுப்புவதற்கும் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கும் மேலாக வியாபார தர்மமும் இருக்கிறது. நமக்கு அன்றாடம் பயன்படும் அளவில் நான்கு தலைப்புகளில் சொல்கிறேன்.

1. படம் யாருடையது?

தீபாவளிக்குச் சலுகை அட்டை அடிக்கிறோம். புத்தாண்டுக்குச் சிவகாசியில் நாள்காட்டி அடிக்கக் கொடுக்கிறோம். சொந்தமாக மசாலாப் பொடி பாக்கெட் போடுகிறோம். படம் தேவைப்பட்டால் கூகுளில் தேடி எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறோம். அந்தப் படத்தை யாரோ ஒருவர் பாடுபட்டு எடுத்திருக்கிறார் என்ற நினைவே வருவதில்லை.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டு வந்தது. அதன்படி புகைப்படம், ஓவியம், எழுத்து, பாட்டு எல்லாவற்றுக்கும் உரிமை உண்டு. உரிமை பெற எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படைத்த உடனே உரிமை பிறந்துவிடுகிறது. புகைப்படமானால் எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் நிற்கும். தெரிந்தே அதை மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறலுக்கு நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். நாம் செய்வதெல்லாம் வியாபாரத்துக்காகவே ஆகையால் அந்தச் சலுகையை நாம் எதிர்பார்ப்பதற்கில்லை.

இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படிதானே போட்டிருக்கிறார்கள் என்று கேட்கலாம். கடை வாசலில் சாக்கை அவிழ்த்து மாதிரி காட்டுகிறோம். வருகிறவர் பார்க்கலாம், கையில் எடுத்து முகர்ந்தும் பார்க்கலாம். அதற்காகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போகலாமா?

அப்படியானால் எதை எடுக்கலாம்? முதலாவது, நம் சரக்கை நம் கைப்பேசியிலேயே எடுத்த படம். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணிமேல் வைத்து எடுத்தால் நன்றாகவே வரும். வாடிக்கையாளருக்கும் உள்ள சரக்கைக் காட்டியதாக இருக்கும். இரண்டாவது, கம்பெனி தன் விற்பனையாளர்களுக்கென்று கொடுத்த படம். மூன்றாவது, படைத்தவரே பொதுப் பயனுக்கு விட்டவை. விக்கிமீடியா பொதுவகத்தில் இப்படிப்பட்ட படங்கள் ஏராளம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நிபந்தனை எழுதியிருக்கும். பல படங்களுக்கு எடுத்தவர் பெயரைப் போட்டாலே போதும். படித்துப் பார்த்து எடுக்க வேண்டும். நான்காவது, நாட்டுடைமையான நூல்கள். பாரதியார் படைப்புகளை 1949ஆம் ஆண்டிலேயே அரசு வாங்கியது. இன்று நாள்காட்டியில் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இக்காலத்தவர் ஒருவர் குறளுக்கு எழுதிய உரையை எடுத்துப் போட்டால், குறள் பொதுச்சொத்து, உரை அவருடையது.

நடிகர் படம் போடுவதும் இதே வகைதான். 2015ஆம் ஆண்டு, தம் பெயரையும் பாணியையும் அனுமதியின்றி ஓர் இந்திப் படத்தில் பயன்படுத்தக் கூடாது என்று ரஜினிகாந்த் வழக்குப் போட்டபோது, சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தடை விதித்தது. சினிமாக்காரர்களுக்கே அந்த நிலை என்றால், அரிசிப் பையில் நடிகர் படம் போடும் நாம் யோசிக்க வேண்டும்.

கம்பெனி முத்திரைகளுக்கு 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் இருக்கிறது. ஒரு கம்பெனிச் சரக்கை உண்மையாகவே விற்கிறவர் ‘இங்கு கிடைக்கும்’ என்று எழுதுவதில் தவறில்லை. ஏஜென்சி இல்லாமலே ‘அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்’ என்று போடுவதும், சில்லறை எண்ணெய்க்குக் கம்பெனி டின் படத்தைப் போடுவதும் வேறு விஷயம். அது வாடிக்கையாளரையும் ஏமாற்றுகிறது.

2. வாடிக்கையாளர் எண் நம்மிடம் இருக்கும் அடைமானம்

வீட்டுக்குச் சரக்கு அனுப்பவும், சலுகை சொல்லவும் வாடிக்கையாளர் எண்ணை வாங்கி வைக்கிறோம். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன மருந்துச் சரக்கு வாங்குகிறார்கள், எத்தனை நாள் வெளியூர் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். நம்மை நம்பிச் சொன்ன விஷயம் அது. அடகுக்கு வந்த நகையை எடுத்து மாட்டிக்கொள்ள முடியாதது போல, அதை நம் இஷ்டத்துக்குப் பயன்படுத்தவும் முடியாது.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அதன்பின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளைச் செய்து முடிக்க அப்போது 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. சட்டத்தின் சாரம் இதுதான்: என்ன காரணத்துக்கு என்று சொல்லி, சம்மதம் கேட்டு, தேவையான விவரத்தை மட்டும் வாங்க வேண்டும். வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வேண்டாம் என்று அவர் சொன்னால் நிறுத்த வேண்டும். காரியம் முடிந்தபின் அழித்துவிட வேண்டும். பத்திரமாக வைக்கத் தவறினால் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். அவ்வளவு தொகை பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்துச் சொன்னது; தவறின் தன்மையைப் பார்த்துத்தான் விதிப்பார்கள். ஆனாலும் கணினியிலும் கைப்பேசியிலும் விவரம் வைத்திருக்கும் கடைக்காரரும் சட்டத்துக்கு உட்பட்டவரே.

எண் கொடுத்தால்தான் பில் போடுவேன் என்று சொல்வது முறையல்ல என்று மத்திய நுகர்வோர் நலத்துறை 2023 மே மாதத்திலேயே கடைகளுக்கு அறிவுறுத்தியது. கேட்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தில், ரீசார்ஜ் செய்ய வந்த பெண்களின் எண்களைச் சில கடைக்காரர்கள் விலைக்கு விற்றார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. எண்ணை வாங்கியவர்கள் அந்தப் பெண்களுக்கு இரவும் பகலும் தொல்லை கொடுத்தார்கள். நம் கடைப் பையன் ஒருவன் நமக்குத் தெரியாமல் ஓர் எண்ணை எடுத்துக் கொடுத்தாலும், அந்தக் குடும்பத்துக்குக் குற்றவாளியாகத் தெரிவது கடைதான்.

இன்னொன்று நம்மிடையே பரவிவரும் வழக்கம். கடன் பாக்கி வைத்தவரின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. பாக்கி வராத வருத்தம் எனக்கும் தெரியும். மொத்த வியாபாரத்தில் இருப்பவனுக்கு அது தெரியாமல் இருக்காது. பேரேட்டைக் காட்டிக் கேட்கலாம், பெரியவர்களை வைத்துப் பேசலாம், வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், வழக்குப் போடலாம். படத்தைப் போட்டால் அவர் பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடு வரை அது போய்ச் சேரும். பணத்தை அவர் கட்டிய பிறகும் படம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கண்காணிப்புக் கேமராவில் பதிந்ததைத் ‘திருடி’ என்று எழுதிப் பரப்புவதும் அப்படியே. அந்தப் பதிவு போலீஸாரிடம் போக வேண்டியது. ஆள் மாறிப்போயிருந்தால் அவதூறு வழக்கு நம்மேல் வரும்.

3. அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம்

2016 நவம்பரில், உப்புத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று வடமாநிலங்களில் ஒரு வதந்தி கிளம்பியது. ஒரே இரவில் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. சில ஊர்களில் பல மடங்கு விலைக்கு உப்பு விற்றது. தட்டுப்பாடே இல்லை என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. குஜராத்திலும் நம் தூத்துக்குடியிலும் உப்பு விளையும் அளவை அறிந்த எந்த வியாபாரியும் அதை நம்பியிருக்க மாட்டார்.

2017 ஜூனில் பிளாஸ்டிக் அரிசி வதந்தி. சோற்றை உருட்டி எறிந்தால் பந்து போல எகிறுகிறது என்று காட்சிகள் வந்தன. தெலங்கானாவில் அதிகாரிகள் எடுத்துச் சோதித்த மாதிரிகள் வெறும் அரிசியாகவே இருந்தன. வெந்த சோற்றில் மாவுச்சத்து ஒட்டிக்கொள்ளும். இறுக்கி உருட்டினால் எகிறத்தான் செய்யும். மேலும் பிளாஸ்டிக் குருணையின் கிலோ விலை சாதாரண அரிசியைவிட அதிகம். விலை கூடிய பொருளை விலை குறைந்த பொருளில் கலந்து யார் லாபம் பார்ப்பார்? கொள்முதல் தெரிந்த நமக்கு இந்தக் கேள்வி முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற பொய்ச் செய்தி நாமக்கல் முட்டை, கோழிப் பண்ணைக்காரர்களைப் படுத்திய பாடு அனைவரும் அறிந்தது. ஒரு கையெழுத்தும் இல்லாத செய்தி, பல ஆண்டு உழைப்பைச் சில வாரத்தில் சாய்த்தது.

கையில் சரக்கை வைத்துக்கொண்டு ‘தட்டுப்பாடு வருகிறது’ என்ற செய்தியை அனுப்புவது கள்ளத் தராசு பிடிப்பதற்குச் சமம். எதிர்க்கடை எண்ணெயில் கலப்படம் என்ற செய்தியை விசாரிக்காமல் தள்ளிவிடுவதும் அப்படியே. பல முறை கைமாறிய செய்திக்கு வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி வரும். அதைக் கண்டால் மேலும் எச்சரிக்கை வேண்டும். யார் சொன்னது, எந்தத் தேதி, எந்த ஊர் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தி நம் கடையோடு நின்றுவிட வேண்டும்.

4. ஆராய்ந்து படிப்பது

இணையத்தால் நமக்கு நன்மையும் பெரிது. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் வரத்தும் விலையும் கிடைக்கின்றன. நறுமணப் பொருள் வாரியம் ஏலக்காய் ஏல விலையை வெளியிடுகிறது. விலை நிலவரம் என்ற செய்திக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை அறிந்து யாரும் பயன்பெறலாம். ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். குறைந்த விலை, உயர்ந்த விலை, அதிகமாக நடந்த விலை என்று மூன்று இருக்கும். கணக்குக்கு எடுக்க வேண்டியது மூன்றாவது. குவிண்டாலுக்கா கிலோவுக்கா, புதுச் சரக்கா பழசா, என்ன ரகம், எந்தத் தேதி, வரத்து எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பத்து மூட்டை வரத்தில் நடந்த விலையை ஊர் விலை என்று கொள்ள முடியாது.

மஞ்சள் கொண்டுவந்த விவசாயியிடம் குறைந்த விலையை மட்டும் கைப்பேசியில் காட்டி, உயர்ந்த விலையைக் கட்டைவிரலால் மறைப்பது பொய் சொல்வதற்கு ஒப்பாகும். மூன்றையும் காட்டி, நம் சரக்குக்கு இன்ன விலை என்று காரணம் சொன்னால், அடுத்த பட்டத்துக்கும் அவர் நம்மிடமே வருவார்.

வைத்தியக் குறிப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். கருஞ்சீரகம் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று எங்கோ படித்ததைக் கடைப் பலகையில் எழுதக் கூடாது. நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உணவுப் பொருளைப் பற்றிய தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதம் ஒரு புறம் இருக்கட்டும். பலகையைப் படித்துவிட்டு ஒருவர் தம் மாத்திரையை நிறுத்தினால் அவர் உயிருக்கு யார் பொறுப்பு? இப்போது கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. அவை சரளமாகச் சொல்வதாலேயே சரியாகிவிடாது. வரி விகிதமானாலும் சட்டமானாலும் அரசுத் தளத்திலோ, கணக்காயரிடமோ ஒத்துப் பார்த்தே நடக்க வேண்டும்.

கடையில் உடனே செய்யக்கூடியவை

வாடிக்கையாளர் விவரம் உள்ள கைப்பேசிக்கும் கணினிக்கும் பூட்டு எண் போடுங்கள். கடை வேலைக்குத் தனிக் கைப்பேசி இருந்தால் நல்லது. வேலையாட்களிடம் ஆதார் நகல் வாங்கினால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் போதுமா என்று பாருங்கள். நகலைச் சுருட்டி மடிக்கும் காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். அச்சகத்துக்குப் படம் அனுப்பும்போது அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி குறித்து வையுங்கள். சலுகைச் செய்தி அனுப்பும்போது, வேண்டாதவர் ‘வேண்டாம்’ என்று பதில் அனுப்பலாம் என்று சேர்த்து எழுதுங்கள்; அப்படி வந்த எண்ணை அன்றே நீக்கிவிடுங்கள்.

நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே ஒழுங்கு வர வேண்டும். கடன்காரர் படம், விசாரிக்காத கலப்படச் செய்தி, தேதியில்லாத விலைப்பட்டியல் ஆகிய மூன்றும் குழுவில் வரக் கூடாது என்று அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் நன்றாக இருக்கும். ஒவ்வொரு ஊர்க் கிளையும் இதைப் பேசி முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.