தளும்பும் வெள்ளி

‘ஒரு சொட்டு எச்சிலை வைத்தே புற்றுநோயைச் சொல்லிவிடும் ராமன் சிப் வந்துவிட்டதாமே, நம்ம ஊர் லேபுக்கு எப்போது வரும்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்த மாதிரி ‘வந்துவிட்டது’ செய்திகளை நானும் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். லேபில்தான் இன்னும் காணோம். ஆனால் சிப்புக்குள் நடக்கும் கூத்து இருக்கிறதே, அது நிஜமாகவே அருமை.

மூலக்கூறின் மீது லேசரை அடித்தால், சிதறும் ஃபோட்டான்களில் சுமார் ஒரு கோடிக்கு ஒன்றுதான் நிறம் மாறி வெளிவரும்; அதுதான் ராமன் ஒளி. எந்த அளவு மாறியது என்பதை வைத்து ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். சிக்கல், அந்த ஒன்றைப் பிடிப்பதில்தான். இங்கேதான் வெள்ளி, தங்க நானோ துகள்கள் வருகின்றன.

உலோகத் துகளுக்குள் எலக்ட்ரான்கள், குடத்துத் தண்ணீர் மாதிரி. மாட்டுவண்டியில் குடத்தை ஏற்றினால் சும்மா அசையும். வண்டியின் ஆட்டமும் தண்ணீரின் ஆட்டமும் ஒத்துப்போனால் விளிம்பைத் தாண்டித் தளும்பும். வண்டி இங்கே ஒளி. இரண்டு குடங்களை ஒன்றிரண்டு நானோமீட்டர் இடைவெளியில் ஒட்டி வையுங்கள்: இரண்டின் தளும்பலும் அந்தச் சந்துக்குள்தான் கொட்டும். சந்தில் ஓர் எறும்பு (நம் மூலக்கூறுதான்) மாட்டிக்கொண்டால் தொப்பலாக நனையும். நனைவது மட்டுமா, எறும்பு முனகினால் குடங்களும் சேர்ந்து அதே சுருதியில் முனகும்! குடத்தை இத்தோடு இறக்கி வைக்கிறேன். ஒளி உள்ளே போகும்போது ஒரு பெருக்கம், வெளியே வரும்போது இன்னொன்று, அதுதான் விஷயம். சந்தில் மின்புலம் 10 மடங்கானால் ஒளியின் செறிவு 100 மடங்கு. திரும்பி வரும்போது இன்னொரு 100. மொத்தம் 10,000. மின்புலம் 100 மடங்கானால் பத்துக் கோடி.

வரலாறும் வேண்டும் என்பார் ஆசிரியர். 1928இல் கல்கத்தாவில் ராமனும் கிருஷ்ணனும் இந்த நிறமாற்றத்தைக் கண்டுபிடித்தது தெரிந்ததே. 1974இல் சவுத்தாம்ப்டனில் ஃப்ளைஷ்மன் குழு, சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையில் பிரிடினின் ராமன் ஒளி பளிச்சென்று தெரிவதைப் பார்த்தது. பரப்பு கூடியதால் அதிக மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கணக்கு உதைக்கிறது என்று 1977இல் அமெரிக்காவில் வான் டைனும் இங்கிலாந்தில் கிரைட்டனும் தனித்தனியே காட்டினார்கள். (1989இல் குளிர் அணுக்கரு இணைவு என்று உலகையே கிளப்பிவிட்டவரும் இதே ஃப்ளைஷ்மன்தான்.)

1997இல் ஒற்றை மூலக்கூறையே பார்த்துவிட்டோம் என்று இரண்டு குழுக்கள் அறிவித்தன; பெருக்கம் 10¹⁴ என்றார்கள். பிற்பாடு சாவகாசமாகக் கணக்குப் பார்த்தவர்கள் அதில் பல சுழியங்களைக் கழித்துவிட்டார்கள்.

எச்சிலுக்கும் ரத்தத்துக்கும் வருவோம். அந்தச் சந்துகளில் முதலில் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது புரதங்கள். நாம் தேடுகிற ஆசாமிக்கு இடமே இருக்காது. குளுக்கோஸோ உலோகத்தை அண்டவே அண்டாது. சந்தின் அகலம் ஒரு நானோமீட்டர் கூடினாலே பெருக்கம் சரிந்துவிடும் என்பதால், ஒரே தொகுப்பில் செய்த இரண்டு சிப்புகள் இரண்டு விதமாகப் பேசும். நோயாளியிடம் எதை நம்பிச் சொல்வது?

சத்தமில்லாமல் இந்த வெள்ளித் துகள் உத்தி ஜெயித்த இடம் ஒன்று உண்டு: அருங்காட்சியகம். பழைய துணிச் சாயங்கள் லேசர் பட்டால் தாமே ஒளிர்ந்து ராமன் ஒளியை மூழ்கடித்துவிடும். வெள்ளித் துகளை ஒட்டியிருந்தால் அந்த ஒளிர்வு அடங்கிவிடுகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் மார்கோ லியோனா 2009இல் இந்த முறையில், சுமார் 4,000 ஆண்டுப் பழைய எகிப்தியத் தோல்துண்டின் சிவப்பு, மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து எடுத்த சாயம் என்று சொல்லிவிட்டார். அதற்குத் தேவைப்பட்டது கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் ஒரு துணுக்குதான்.