கோஃபு வாய்க்கால்கள்

ஜப்பானில் ஃபுஜி மலைக்கு வடக்கே, நாலாபக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு கோஃபு. யமனாஷி மாகாணத்தைச் சேர்ந்தது. இன்றைக்கு அங்கே போகிறவர் கண்ணில் படுவது பீச் தோப்பும் திராட்சைப் பந்தலும். இந்த இரண்டு பழமும் ஜப்பானிலேயே அதிகம் விளைவது யமனாஷியில்தான். தோப்புகளின் ஓரமாக, சிமென்ட் போட்ட சின்னச் சின்ன வாய்க்கால்களில் தண்ணீர் விறுவிறுவென்று ஓடும். அந்த சிமென்ட் எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்தவர்கள் அங்கேயே குறைந்துகொண்டு வருகிறார்கள்.

நூறு வருஷத்துக்கு முன் இங்கே நிறைய நெல்வயல்கள் இருந்தன. வாய்க்காலுக்கு மண்கரைதான், கரை நெடுகப் புல். நாற்று நட வயலில் இறங்கினால் காலெல்லாம் அரிப்பெடுக்கும், தடிப்புத் தடிப்பாகச் சிவக்கும். சில வாரத்தில் காய்ச்சல், ரத்தபேதி. வருஷங்கள் போகப் போகக் கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் பானைபோல் உப்பும். நம் ஊரில் மகோதரம் என்பார்களே, அதேதான். வயிறு அப்படி உப்பிவிட்டால் அநேகமாகப் பிழைக்க மாட்டார்கள். தங்கள் பள்ளத்தாக்குக்கே உரிய நோய் என்று நினைத்ததால் அதற்கு 'வட்டார நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1881-ல் கசுகாய் கிராமத் தலைவர் இதற்கு ஒரு வழி செய்யும்படி ஆளுநருக்கு மனு எழுதினார். ஆனால் எதனால் வருகிறது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

அதற்கு வழி திறந்தவர் ஒரு விவசாயப் பெண். பெயர் சுகியாமா நக்கா. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வயிறு வீங்கிப் படுத்தவர், தான் பிழைக்கப்போவதில்லை என்று தெரிந்ததும், இறந்த பிறகு தன் உடலை அறுத்துப் பார்த்து நோயின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். செத்த உடம்பில் கத்தி வைப்பதை நினைக்கவே ஊர் கூசிய காலம் அது. 1897 ஜூனில் அவர் இறந்ததும் கோயில் வளாகத்தில் வைத்துத்தான் உடற்கூறு ஆய்வு நடந்தது. கல்லீரலில் ஏதோ ஒரு புழுவின் முட்டைகள் இருந்தன. புழு கிடைக்கவில்லை. இந்த நோயின் வரலாற்றில் எத்தனையோ பேராசிரியர்களின் பெயர் வருகிறது. என் மனதில் முதலில் நிற்பது நக்காவின் பெயர்தான்.

புழு கிடைக்க ஏழு வருஷம் ஆனது. 1904-ல் கோஃபு மருத்துவர் ஒருவர் வீட்டுப் பூனையின் உடலில் அதைக் கண்டெடுத்தவர் கட்சுராடா ஃபுஜிரோ. அப்போதும் பலர், குடிக்கிற தண்ணீர் வழியாகத்தான் நோய் வருகிறது என்று நம்பினார்கள். ஹிரோஷிமா பக்கம் கட்டயாமாவிலும் இதே நோய் இருந்தது. 1909-ல் அங்கே மாடுகளை வைத்துச் சோதித்தார்கள். சில மாடுகளுக்கு வாயைக் கட்டி, கால்களை நனையவிட்டார்கள்; சிலவற்றுக்குக் காலை மூடி, தண்ணீரைக் குடிக்கவிட்டார்கள். கால் நனைந்த மாடுகளுக்கே நோய் வந்தது. புழு தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது! பிழைப்புக்காக வயலில் இறங்கித்தான் ஆகவேண்டிய மனிதருக்கு இதைவிடக் கொடிய செய்தி என்ன இருக்க முடியும்?

மிச்சமிருந்த ஒரு கண்ணியை 1913-ல் கியூஷு தீவின் சாகாவில் மியாயிரி கெய்னோசுகேவும் சுசுகி மினோருவும் கண்டுபிடித்தார்கள். அது ஒரு நத்தை. நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது, ஏறக்குறைய ஒரு நெல்மணி அளவு. நோயாளியின் மலத்தோடு வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரிந்ததும், உடம்பெல்லாம் மயிரிழை போர்த்திய மிராசிடியம் என்ற லார்வா நீந்திக் கிளம்பும். ஒரு நாள் பொழுதுக்குள் இந்த நத்தைக்குள் புகாவிட்டால் அது செத்துப்போகும். புகுந்துவிட்டால் நத்தையின் உடம்புக்குள்ளேயே பெருகி, ஒன்று ஆயிரக்கணக்காகும். அவை வாலின் நுனி கவையாகப் பிளந்த செர்கேரியாக்களாக வெளியே வந்து நீர்ப்பரப்பில் மிதக்கும். மனிதக் கால், மாட்டுக் கால், நாய், பூனை, எலி, எது பட்டாலும் சில நிமிஷத்தில் வாலை உதறிவிட்டு உள்ளே போய்விடும். ரத்தத்தோடு நுரையீரல், பிறகு கல்லீரல், கடைசியில் குடலைச் சுற்றிய ரத்தக்குழாய். அங்கே ஆண் புழு தன் உடலின் நீளவாட்டு மடிப்புக்குள் பெண்ணை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக வாழும். பெண் புழு நாளுக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரத்துக்கு மேலும்கூட, முட்டையிடும். அதில் ஒரு பங்கு கல்லீரலில் சிக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முட்டையையும் சுற்றி உடம்பு தழும்பு கட்ட, அந்தத் தழும்பே கல்லீரலை இறுக்கி வயிற்றில் நீர் கோக்க வைக்கிறது.

மருந்து அன்று ஆன்டிமனி ஊசிதான். பல முறை போட வேண்டும், குமட்டல் தாங்காது. ஒரே நாளில் விழுங்கி முடிக்கிற பிராசிகுவான்டெல் மாத்திரை 1970-களில்தான் வந்தது. அதற்குள் கோஃபு மக்கள் நத்தையோடு பெரும்பாலும் மோதி முடித்திருந்தார்கள். முதலில் வாய்க்கால் கரையில் குந்தி, சாப்பிடுகிற குச்சியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். சுண்ணாம்பு தூவினார்கள், கரைப் புல்லோடு தீயிட்டார்கள், ரசாயனம் தெளித்தார்கள். நிலையாக வேலை செய்தது சிமென்ட். இந்த நத்தை ஈரமண்ணில் முட்டையிடும். வேகமான நீரில் நிற்காது. ஆகவே 2,000 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால்களைச் சிமென்ட்டால் கட்டினார்கள். நிறைய நெல்வயல் பழத்தோட்டமாக மாறியதில் இந்தப் போராட்டத்துக்கும் பங்கு உண்டு. 1978-க்குப் பிறகு யமனாஷியில் புதிதாக யாருக்கும் நோய் தொற்றவில்லை. 1996-ல் ஆளுநர் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பள்ளத்தாக்கின் ஷோவா பகுதி மின்மினிக்குப் பேர்போனது. அரசே இயற்கைச் சின்னமாக அறிவித்திருந்த இடம். மின்மினியின் லார்வா ஓடைநத்தைகளைத் தின்று வளர்வது. ரசாயனமும் சிமென்ட்டும் வந்தபின் கோடை இரவுகளில் அந்த வெளிச்சம் மங்கியது. அறிவிப்பையும் பின்னாளில் ரத்து செய்தார்கள். நான் அங்கே பிறந்திருந்தால் சிமென்ட்டைத்தான் கேட்டிருப்பேன். ஆனாலும் மின்மினியை நினைத்தால் மனசு கனக்கிறது. இதே நோயை ஒழித்த கியூஷுவின் சிகுகோ ஆற்றங்கரையில், அங்கே மனிதரால் அழிந்த, மியாயிரியின் பெயரையே கொண்ட இந்த நத்தைக்கென்று ஒரு நினைவுக்கல்லே நட்டிருக்கிறார்கள்.

கோஃபுவில் நத்தை முழுக்க அழியவில்லை. சிமென்ட் எட்டாத சில ஈரக்கரைகளில் இன்னும் இருக்கிறது. அதிகாரிகள் போய்ப் பொறுக்கி வருகிறார்கள். நத்தையை நசுக்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்து, பிளந்த வால் ஏதாவது துடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லை என்று எழுதிவைக்கிறார்கள்.