சிவப்புக் கொடி நாற்பத்தொன்று

முடிக்க வேண்டிய வேலைகளை வரிசைப்படுத்தும் கம்ப்யூட்டர் புரோகிராம்களில் அவசர நிலைகளை நம் விருப்பப்படி மாற்றி அமைக்கலாம். அமைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது புனேயில் ஒரு குடும்பத்துக்குத் தெரியும்.

2023 நவம்பர் கடைசி வாரம். புனேயில் ஒரு சிறு தொழிற்சாலையின் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்மணியின் செல்போனில் முடிக்க வேண்டிய வேலைகள் 64 இருந்தன. அவற்றில் 41-க்குச் சிவப்புக் கொடி. ஆரஞ்சு ஒன்பது, நீலம் மூன்று. மீதி 11 வேலைகளுக்குக் கொடியே கிடையாது. அந்தப் பதினொன்றில் ஒன்று, மாமனாரின் லைஃப் சர்டிபிகேட்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம். தராவிட்டால் டிசம்பர் முதல் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். பிறகு சான்று கொடுத்தால் நிலுவையோடு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வருடக் கடைசியில் பாங்குக்கு நடந்துபோய் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்த 76 வயதுக்காரருக்கு அந்த விதி ஆறுதலாக இல்லை. வீட்டுக்கு வந்தவர் யாரையும் எதுவும் சொல்லவில்லை. பாஸ்புக்கை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மருமகளுக்கு.

அவர் மறதிக்காரர் அல்ல. அக்டோபரிலேயே அந்த வேலையைப் பட்டியலில் ஏற்றியவர்தான். ஏற்றும்போது அவசரத்தில் கொடி எதுவும் போடவில்லை. 'நவம்பரில் ஏதாவது ஒரு நாள்' என்பதால் தேதியும் போடவில்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் வேலையைக் கடைசி நிலையில் போட்டுவிடுவது அந்தப் புரோகிராமின் வழக்கம். அதாவது, இது முக்கியமில்லை என்று அவர் ஒருபோதும் முடிவு செய்யவில்லை. முக்கியமா இல்லையா என்று யோசிக்கவே இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் திரைக்குத் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் நாட்காட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான 'ஐகேலண்டர்' பொது விதிமுறை 1998-ல் வந்தது, 2009-ல் திருத்தப்பட்டது. அதில் வேலையின் முன்னுரிமைக்கு 0 முதல் 9 வரை எண்கள். 1 தலைமேல் நிற்கும் வேலை, 9 ஆறப்போடக்கூடியது. பூஜ்யம்? 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்று பொருள். ஒன்பதுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே இருக்கும் இந்தக் கோட்டைப் பல புரோகிராம்கள் அழித்துவிட்டன. 'டூடூயிஸ்ட்' என்ற பிரபல புரோகிராமில் நான்கு நிலைகள். எதுவும் சொல்லாவிட்டால் நான்காவது. ஆப்பிளின் 'ரிமைண்டர்ஸ்', 'டிக்டிக்' ஆகியவற்றில் 'குறைவு' வேறு, 'ஒன்றுமில்லை' வேறு. சின்ன விஷயமாகத் தோன்றலாம். மேஜைமேல் விரிந்து கிடந்த பாஸ்புக்கைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

நிலைகளின் எண்ணிக்கையிலும் ஆளுக்கொரு கொள்கை. மைக்ரோசாஃப்ட்டின் 'டூ டூ'வில் ஒரே ஒரு நட்சத்திரம். அதே நிறுவனத்தின் அவுட்லுக்கில் மூன்று. 'திங்ஸ்' என்ற புரோகிராமில் நிலையே கிடையாது. மறுகோடியில் 'டூடூ.டிஎக்ஸ்டி' முறை: ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் 26 நிலைகள். பதினேழாவது நிலைக்கும் பதினெட்டாவது நிலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் யாரும் பதில் சொல்லப்போவதில்லை.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்களுக்குத் தனித் தலைவலி. பொது விதிமுறைப்படி மூன்றே நிலை தெரிந்த புரோகிராமுக்கு 1 முதல் 4 வரை எல்லாம் 'அதிகம்', 5 'நடுத்தரம்', மீதி 'குறைவு'. பார்த்துப் பார்த்துப் பிரித்த நான்கு படிகள் ஒரே நொடியில் ஒன்றாகிவிடும். டூடூயிஸ்ட்டில் இன்னொரு கூத்து: திரையில் முதல் நிலை என்று தெரிவதை வேறு புரோகிராம்களுக்கு அனுப்பும்போது எண் 4 என்றுதான் அது சொல்லும். கவனிக்காமல் இணைத்தால் பட்டியல் தலைகீழ்.

ஆனால் புனேயில் குழப்பியது எண்கள் மட்டுமல்ல. 41 சிவப்புக் கொடிகள் எப்படி வந்தன? கொடி இலவசம் என்பதால் வந்தன.

டிரங்க் கால் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960-ல்தான் இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. வந்தது. அது வராத ஊர்களில் ஆபரேட்டரிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. லைட்னிங் கால் உடனே கிடைக்கும். கட்டணம் சாதாரண அழைப்பைப்போலப் பல மடங்கு. அதனால் சாவுச் செய்திக்கும் பெரிய வியாபாரத்துக்கும்தான் அதைக் கேட்டார்கள். 2013 ஜூலையில் மூச்சை நிறுத்திய தந்தியிலும் 'எக்ஸ்பிரஸ்' வாசகத்துக்குக் கூடுதல் காசு. காசு கொடுக்க வேண்டியிருந்ததால் அவசரம் என்ற சொல் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டது.

காசு வாங்காத இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு அரசு அலுவலகமே சாட்சி. 'உடனடி', 'முன்னுரிமை' என்று கோப்புகளுக்குச் சீட்டு ஒட்டும் வழக்கம் மத்தியத் தலைமைச் செயலகத்தில் நெடுங்காலமாக உண்டு. அதற்கான நடைமுறைக் கையேடு ஒட்டுவதோடு நிறுத்தவில்லை. கோப்பு நகரும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தச் சீட்டு இன்னும் பொருந்துகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. எழுதியவருக்குத் தன் அலுவலகம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மனித மனமும் இதில் நமக்கு உதவுவதில்லை. மெங் ஜூ, யாங் யாங், கிறிஸ்டஃபர் ஷீ ஆகிய மூவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் காலாவதியாகும் வேலை என்று தோன்றினாலே போதும், பலன் குறைவு என்று தெரிந்தும் மக்கள் அதையே முதலில் எடுக்கிறார்கள் என்று காட்டினார்கள். அவசரம் போன்ற தோற்றமே ஆளை இழுக்கிறது. 41 தோற்றங்கள் இழுத்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஒரு விடையை 'டாஸ்க்வாரியர்' என்ற இலவசப் புரோகிராம் வைத்திருக்கிறது. திரையில் எழுத்துகளைத் தட்டி வேலை வாங்க வேண்டிய, அழகில்லாத புரோகிராம், எல்லோருக்கும் சரிப்படாது. ஆனால் நிலைகளை மாற்றி அமைப்பதில் அதற்கு இணை குறைவு. ஆரம்பத்தில் கொடுத்திருக்கும் அதிகம், நடுத்தரம், குறைவு என்ற மூன்றையும் எடுத்துவிட்டு நாமே வேறு சொற்களைப் போடலாம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு: அதிகம் 6, நடுத்தரம் 3.9, குறைவு 1.8. இந்த எண்களையும் மாற்றலாம். கெடு தேதிக்குத் தனி மதிப்பெண். அது 12 வரை போகும். தேதிக்கு 14 நாள் முன்பிருந்தே ஏறத் தொடங்கும். கொடியே இல்லாத வேலைகூடக் கெடுவுக்குச் சுமார் ஆறு நாள் இருக்கும்போது, தேதியில்லாத 'அதிகம்' வேலையைத் தாண்டிவிடும். புனே பெண்மணி நவம்பர் 30 என்று ஒரு தேதியை மட்டும் இதில் போட்டிருந்தால், மாத முடிவில் லைஃப் சர்டிபிகேட் தானாகவே ஏறி வந்திருக்கும்.

அலுவலகங்களில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் 'ஜிரா'விலும் நிர்வாகி நினைத்தால் நிலைகளின் பெயர், நிறம், எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றலாம். இப்போது அதில் 'மிக அதிகம்' முதல் 'மிகக் குறைவு' வரை ஐந்து படிகள் ஆரம்ப நிலையாகத் தரப்படுகின்றன. பழைய பெயர்களில் முதலாவது 'பிளாக்கர்' - இது முடியாமல் மற்ற வேலை நகராது என்று பொருள். கடைசி 'டிரிவியல்' - அற்பம். பழையவையே மேல் என்று தோன்றுகிறது. 'மிக அதிகம்' என்றால் எதற்கு அதிகம் என்ற கேள்வி மிஞ்சுகிறது. 'பிளாக்கர்' என்றால் விளைவு என்ன என்பது பெயரிலேயே இருக்கிறது.

புனேயிலும் கடைசியில் அப்படித்தான் செய்தார்கள். அந்தப் பெண்மணி பயன்படுத்தும் புரோகிராமில் நிலைகளின் பெயரை மாற்ற முடியாது. ஆனால் வேலைகளுக்கு லேபிள் ஒட்டலாம், லேபிள்படி பிரித்துப் பார்க்கலாம். 2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று லேபிள்கள் செய்தார்: 'பணம் நிற்கும்', 'ஆள் காத்திருக்கிறார்', 'எனக்கு மட்டும்'. முதல் லேபிளில் ஒரே சமயத்தில் ஐந்துக்கு மேல் கூடாது. ஆறாவது வந்தால் ஒன்று இறங்க வேண்டும். லேபிளே இல்லாதவை 'இன்னும் பார்க்கவில்லை' என்ற தனிப் பட்டியலில் வந்து விழும். அதை வெள்ளிக்கிழமைதோறும் காலி செய்துவிட வேண்டும். அன்றைக்கு எல்லா வேலைகளையும் பிரித்து முடித்தபோது 'பணம் நிற்கும்' என்ற லேபிள் நான்கு வேலைகளுக்குத்தான் தேவைப்பட்டது. பழைய சிவப்புக் கொடிகளில் பாதிக்குமேல் 'எனக்கு மட்டும்' பட்டியலுக்குப் போயின. ஏழு வேலைகள் எப்போதோ முடிந்துபோனவை.

2024 நவம்பர் 2, சனிக்கிழமை. மாமனாரின் விரல் ரேகையைக் கருவி இரண்டு முறை ஏற்க மறுத்தது. செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதி 2021-லேயே வந்திருந்ததால் அதில் முடிந்தது. சான்று ஏற்கப்பட்டதாக வந்த தகவலை மருமகள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். நான்காக மடித்துப் பாஸ்புக்குக்குள் வைத்தார். பிறகு, அந்தப் பட்டியலில் தன் பல் டாக்டர் விஷயம் எந்த லேபிளில் இருக்கிறது என்று கேட்டார்.